வாடகை அரங்கில் ஒரு சீசன்: சின்சினாட்டி கூடைப்பந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017-18 சீசனில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி, ரசிகர்கள் வாயில் ‘பேர்கேட்ஸ்’, தன் உள்ளூர் ஆட்டங்களைச் சொந்த அரங்கில் ஆடவில்லை. ஓஹையோ ஆற்றைத் தாண்டி, பக்கத்து மாநிலமான கென்டக்கியில், இன்னொரு பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஆடியது. அந்த அரங்கு நல்லதா, மோசமா என்று அப்போது தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகப் பின்தொடரும் தமிழ் நண்பர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததையும் என் கருத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணி ஏன் சொந்த அரங்கை விட்டுப் போனது?

இடித்துக் கட்டத்தான். சின்சினாட்டியின் ஃபிஃப்த் தர்ட் அரங்கு 1989-ல் ஷூமேக்கர் சென்டர் என்ற பெயரில் திறந்தது. 13,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆனால் இருக்கைகள் அமைந்த விதம் பழையது, நடைபாதைகள் குறுகல். 8 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்து மறுபடி அமைப்பது என்று முடிவானது. கல்லூரிக் கூடைப்பந்து நவம்பரில் தொடங்கி மார்ச் கடைசியில், ஏப்ரல் தொடக்கத்தில் முடிகிறது. நடுவில் கிடைக்கும் ஏழு மாதத்தில் இவ்வளவு பெரிய வேலை முடியாது. 2017 மார்ச்சில் சீசன் முடிந்ததும் கடப்பாரையை எடுத்தால் 2018 நவம்பரில்தான் கதவைத் திறக்க முடியும். ஆக, ஒரு முழு சீசனுக்கு வேறு வீடு தேட வேண்டியதாயிற்று.

சரி, அதற்காக வேறு மாநிலத்துக்கா போவார்கள்?

வரைபடத்தில் பார்த்தால்தான் இது பெரிய விஷயம். சின்சினாட்டி ஆற்றங்கரை நகரம். கரைக்கு இந்தப் பக்கம் ஓஹையோ, பாலத்தைத் தாண்டினால் கென்டக்கி. சின்சினாட்டியின் விமான நிலையமே கென்டக்கியில்தான் இருக்கிறது. காலையில் ஒரு மாநிலத்திலிருந்து கிளம்பி இன்னொரு மாநிலத்தில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறவர்கள் ஊரில் ஆயிரக்கணக்கில் உண்டு.

அணி போன இடம் ஹைலண்ட் ஹைட்ஸ் என்ற சிற்றூரில் உள்ள வடக்கு கென்டக்கி பல்கலைக்கழகம். நகர மையத்திலிருந்து ஏழெட்டு மைல். மஞ்சள் வளைவுகள் கொண்ட பெரிய பாலம் ஒன்றின் மேல் போக வேண்டும். மெக்டொனால்ட்ஸ் சின்னம் மாதிரி இருக்கும் அந்த வளைவுகளைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பிக் மேக் பாலம். 2008-ல் திறந்த அந்தப் பல்கலைக்கழக அரங்குக்கு 2017-18-ல் பிபி அண்ட் டி அரங்கு என்று பெயர், கொள்ளளவு சுமார் 9,400.

தூரம் எனக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை. வாரநாள் மாலை ஏழு மணி ஆட்டம்தான் பிரச்சினை. அலுவலகம் விட்டு வீடு திரும்பும் மொத்தக் கூட்டமும் அதே பாலத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஆறு மணிக்கு வண்டியை எடுத்து, பாலத்து நடுவில் பிரேக் விளக்குகளைப் பார்த்தபடி, ரேடியோவில் ஆரம்ப ஐவரின் பெயர்களைக் கேட்ட மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உள்ளே போனபோது முதல் நான்கு நிமிட ஆட்டம் முடிந்திருந்தது.

நகர மையத்திலேயே ஒரு பெரிய அரங்கு இருந்ததே, அங்கே ஏன் ஆடவில்லை?

அந்த சீசன் முழுக்க அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஆற்றங்கரையில் 1975-ல் ரிவர்ஃப்ரன்ட் கொலிசியம் என்று திறந்த அரங்கு இருக்கிறது. 2017-18-ல் அதன் பெயர் யு.எஸ். பேங்க் அரங்கு. பேர்கேட்ஸ் அணியே 1976 முதல் 1987 வரை அங்கேதான் ஆடியது. மூத்த ரசிகர்களுக்கு அந்த நினைவு உண்டு, அதனால் அங்கேயே திரும்பியிருக்கலாம் என்று சொன்னார்கள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது ஐஸ் ஹாக்கி அணி ஒன்று குடியிருக்கும் அரங்கு. இசை நிகழ்ச்சிகளும் இடையிடையே வந்துகொண்டே இருக்கும், தேதி கிடைப்பது கஷ்டம். அதைவிட முக்கியமானது அளவு. 17,000 பேர் கொள்ளும் இடத்தில் டிசம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை, பெயர் தெரியாத ஒரு சின்னக் கல்லூரிக்கு எதிராக ஆடினால் எத்தனை பேர் வருவார்கள்? ஆறாயிரம் பேர் வந்தாலும் அரங்கு காலியாகத்தான் தெரியும். அதே ஆறாயிரம் பேர் ஹைலண்ட் ஹைட்ஸில் கூட்டமாகத் தெரிவார்கள்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்: ஹைலண்ட் ஹைட்ஸ் அரங்கு நல்லதா?

நல்லது.

எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஒரு தற்காலிக அரங்கை எப்படி மதிப்பிட வேண்டும்?

பெரும்பாலோர் கட்டடத்தை மதிப்பிடுகிறார்கள். திரை எவ்வளவு பெரியது, பாப்கார்ன் வரிசை எவ்வளவு நீளம், கழிப்பறை சுத்தமா, பார்க்கிங் எவ்வளவு தூரம். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜனவரிக் குளிரில் கால் மணி நேரம் நடந்து வந்து, கனத்த கோட்டைக் கழற்றி வைக்க இடமில்லாமல் இரண்டு மணி நேரம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு இருக்கையின் அகலம் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு. எதிரணி ஆட்டக்காரர் ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி வீசும் வாய்ப்பு, கிடைத்து நிற்கும்போது ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது? கூடைக்குப் பின்னாலிருந்து, தாழ்வாக, ஒரே சுவராக வந்தால் அது கல்லூரி அரங்கு. தலைக்கு மேல் எங்கோ கலைந்து கரைந்து போனால் அது வாடகைக்கு எடுத்த மண்டபம். மாணவர்களை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இது அமையும். ஆடுகளத்தை ஒட்டி மாணவர்கள் நின்றால் அரங்கு தானாகவே உயிர் பெற்றுவிடும். அந்த வரிசைகளைப் பணம் கட்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு மாணவர்களை மூலைக்குத் தள்ளினால் எந்த அரங்கும் தூங்கும்.

இரண்டாவது, கூரையின் உயரம். ஒன்பதாயிரம் பேருக்குக் கட்டிய அரங்கில் கூரை அவ்வளவு தூரத்தில் இருக்காது, சத்தம் திரும்பி வரும். இருபதாயிரம் பேருக்குக் கட்டியதில் மேலே போன சத்தம் மேலேயே தங்கிவிடும்.

மூன்றாவதாக, கடைசி வரிசையிலிருந்து ஆட்டக்காரரின் முதுகு எண்ணைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். படிக்க முடிந்தால் போதும்.

சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்?

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 13,000 இருக்கையிலிருந்து 9,400-க்கு இறங்கினால் எல்லோரும் அதே இடத்தில் உட்கார முடியாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இருக்கை என்பது கிட்டத்தட்ட சொத்து மாதிரி. எத்தனை ஆண்டாக வாங்குகிறீர்கள், பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு நன்கொடை கொடுத்தீர்கள் என்பதை வைத்து வரிசை ஒதுக்குவார்கள். இருபது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் பெயர்கூடத் தெரியாமல் நண்பராகியிருப்பார். அரங்கு மாறினால் அந்த அக்கம்பக்கமே கலைந்துபோகிறது. புது இடத்தில் பார்வை முன்பைவிட நன்றாக இருந்தாலும் மனசு ஒட்டாது.

அரங்கைப் பற்றிய புகார்களில் பாதி உண்மையில் இந்தப் பிரிவைப் பற்றியவைதான் என்று எனக்குப் படுகிறது.

பெரிய அரங்கு எடுத்திருந்தால் அந்தப் பிரச்சினையே வந்திருக்காதே?

அதே ஆண்டு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் அதைத்தான் செய்தது. என்ன நடந்தது என்று பாருங்கள்.

சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் உள்ள நார்த்வெஸ்டர்ன், 2017 மார்ச்சில் தன் வரலாற்றிலேயே முதல் தடவையாகத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அங்கே முதல் ஆட்டத்தில் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை 68-66 என்று ஜெயித்தது. ஊரே கொண்டாடியது. அடுத்த சீசன் தொடக்கத்தில் தரவரிசையில் 19-வது இடம். அப்படியொரு நேரத்தில்தான் அவர்களுடைய வெல்ஷ்-ரயன் அரங்கை 11 கோடி டாலர் செலவில் புதுப்பிக்க மூடினார்கள். அணி ரோஸ்மான்ட்டில், ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆல்ஸ்டேட் அரங்குக்குப் போனது. 1980 முதல் டிபால் பல்கலைக்கழகம் ஆடிக்கொண்டிருந்த இடம் அது. டிபால் 2017-ல் நகருக்குள் புது அரங்குக்குப் போய்விட, காலியான வீட்டில் நார்த்வெஸ்டர்ன் குடியேறியது. எட்டாயிரம் பேர் நெருக்கியடித்து உட்காரும் பழைய கூட்டிலிருந்து அதைப்போல இரண்டு மடங்கு பெரிய மண்டபத்துக்கு. மாணவர்கள் பேருந்தில் ஏறி வர வேண்டும்.

2018 பிப்ரவரி 17 அன்று நாட்டின் இரண்டாம் நிலை அணியான மிஷிகன் ஸ்டேட் அங்கே வந்தது. நார்த்வெஸ்டர்ன் ஒரு கட்டத்தில் 27 புள்ளி முன்னிலை. இடைவேளையில் 49-27. அப்புறம் இரண்டாம் பாதி முழுவதிலும் நார்த்வெஸ்டர்ன் எடுத்தது 11 புள்ளி மட்டும். இருபது நிமிடத்தில் பதினொன்று! 65-60 என்று மிஷிகன் ஸ்டேட் ஜெயித்தது. இரண்டு அணிகளும் ஆடும் பிக் டென் லீக்கின் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு பின்தங்கிய அணி மீண்டு வந்ததில்லை.

அரங்குதான் தோற்கடித்தது என்று சொன்னால் அது ஆட்டக்காரர்களுக்கு அநியாயம். மிஷிகன் ஸ்டேட் தடுப்பாட்டத்தை மாற்றியது, நார்த்வெஸ்டர்ன் பந்து எதுவும் விழவில்லை. ஆனால் ஒரு அணி கண்ணெதிரே சரியும்போது அதைத் தூக்கி நிறுத்துவது கூட்டம்தான். எவன்ஸ்டனின் பழைய கூட்டில் அந்த இருபது நிமிடம் வேறு மாதிரி போயிருக்குமோ என்று நினைக்காத ரசிகர் இருக்க மாட்டார். அந்த சீசனில் நார்த்வெஸ்டர்ன் 15 வெற்றி, 17 தோல்வி.

அப்படியென்றால் பெரிய அரங்கு எப்போதுமே தப்பா?

இல்லை. பிலடெல்பியாவை ஒட்டிய வில்லனோவா பல்கலைக்கழகத்தை மறந்துவிடக் கூடாது. அவர்களும் அதே 2017-18-ல் பெவிலியன் என்ற தங்கள் சொந்த அரங்கை மூடிவிட்டு, பிலடெல்பியாவின் தெற்கு முனையில் 20,000 பேர் கொள்ளும் வெல்ஸ் ஃபார்கோ சென்டரில் ஆடினார்கள். தொழில்முறை லீக்கான என்பிஏ-வின் செவன்ட்டி சிக்ஸர்ஸ் அணி ஆடும் இடம். சீசன் முடிவில் 36 வெற்றி, 4 தோல்வி. ஏப்ரல் 2 அன்று சான் அன்டோனியோவில் மிஷிகன் பல்கலைக்கழகத்தை (மிஷிகன் ஸ்டேட் வேறு) 79-62 என்று வீழ்த்தித் தேசியச் சாம்பியன். வாடகை வீட்டில் இருந்தபடியே கோப்பை.

ஆனால் வில்லனோவாவுக்கு அது புது இடம் இல்லை. பெரிய எதிரணி வரும்போது ஆண்டுக்குச் சில ஆட்டங்களை அங்கே ஆடுவது அவர்களுக்கு நெடுநாள் வழக்கம். கோடு எங்கே, வெளிச்சம் எப்படி, பந்து எப்படித் துள்ளும் என்று தெரிந்த இடம். நார்த்வெஸ்டர்னுக்கு அந்த வசதி இல்லை. இத்தனைக்கும் வில்லனோவா அங்கே தோற்ற ஒரே ஆட்டம், தங்கள் லீக்கான பிக் ஈஸ்ட்டில் அதுவரை ஒன்றுகூட ஜெயிக்காத செயின்ட் ஜான்ஸிடம். பிப்ரவரி 7, 79-75.

சின்சினாட்டி வாடகை அரங்கில் எப்படி ஆடியது?

மொத்தம் 31 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தில் ஹைலண்ட் ஹைட்ஸில் நடந்தது ஒன்றே ஒன்று. 2018 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, அதே லீக்கில் ஆடும் விசிட்டா ஸ்டேட்டிடம் 76-72. நார்த்வெஸ்டர்ன் சரிந்த அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள். அதோடு 39 உள்ளூர் ஆட்டங்களாகத் தொடர்ந்த வெற்றி வரிசை அறுந்தது.

அந்த 39-ல் ஒரு பகுதி பழைய அரங்கில் கிடைத்தது, மீதி ஆற்றுக்கு அந்தப் பக்கம். வீடு மாறியும் வரிசை அறுபடாமல் மாதக்கணக்கில் தொடர்ந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை, அறுந்த நாளைத்தான் பேசினார்கள். எனக்கு அது வருத்தம். கேரி கிளார்க், ஜேகப் எவன்ஸ், ஜாரன் கம்பர்லண்ட் மாதிரி ஆட்டக்காரர்கள் இன்னொருவர் அரங்கின் இருக்கைகளுக்கு நடுவில் நின்று அதைச் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து விசிட்டாவுக்கே போய் 62-61 என்று ஜெயித்து லீக் முதலிடத்தையும் வாங்கி வந்தார்கள்.

தேசியப் போட்டியில் நெவாடாவிடம் 22 புள்ளி முன்னிலையை இழந்து தோற்றது வேறு கதை. அது நாஷ்வில்லில் நடந்தது, அரங்கின் மேல் பழி போட வழியே இல்லை.

பரம எதிரியின் அரங்கில் குடியிருக்க நேர்ந்ததுண்டா?

யுசிஎல்ஏ ரசிகர்களிடம் கேளுங்கள். யுசிஎல்ஏ, யுஎஸ்சி இரண்டும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் எதிரிப் பல்கலைக்கழகங்கள். 2011-12-ல் பாலி பெவிலியனைப் புதுப்பித்தபோது அவர்களுடைய பெரும்பாலான உள்ளூர் ஆட்டங்கள் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்போர்ட்ஸ் அரங்கில் நடந்தன. அது யுஎஸ்சி வளாகத்துக்கு எதிரிலேயே இருந்தது, பல ஆண்டுகள் யுஎஸ்சியின் சொந்த அரங்காகவும் இருந்தது. யுசிஎல்ஏ சட்டைக்காரர் ஒருவர் எதிரியின் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு ‘எங்கள் அரங்கு’ என்று நடந்து போக வேண்டும். முதல் இரண்டு ஆட்டமும் அங்கேயே தோல்வி. 1968-லும் 1972-லும் அதே கூரையின் கீழ் யுசிஎல்ஏ தேசியக் கோப்பை வாங்கியிருந்தது என்பதைச் சொல்லித் தேற்றிக்கொண்டவர்கள் உண்டு. அந்த அரங்கு 2016-ல் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே கால்பந்து மைதானம்.

இதோடு ஒப்பிட்டால் சின்சினாட்டிக்குக் கிடைத்த வீட்டுக்காரர் தங்கமானவர். வடக்கு கென்டக்கி 2012-ல்தான் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் பிரிவுக்கு வந்த இளம் அணி, 2017-ல் முதல் தடவையாகத் தேசியப் போட்டிக்குப் போனது. பேர்கேட்ஸ் குடியிருந்த அதே சீசனில் தன் லீக்கான ஹொரைசன் லீக்கில் முதலிடமும் பிடித்தது. ஒரே தரையில் மாறி மாறி இரண்டு நல்ல அணிகளைப் பார்க்கும் யோகம் அந்த ஊர்க்காரர்களுக்கு வாய்த்தது.

கூடை எங்கேயும் பத்தடி உயரம்தானே, இடம் மாறினால் ஆட்டக்காரருக்கு என்ன?

அளவில் ஒன்றும் மாறாது. ஆடுகளம் 94-க்கு 50 அடி, வளையம் பத்தடி. மாறுவது வளையத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிவது. சின்ன அரங்கில் பலகைக்குப் பின்னாலேயே கூட்டம் சுவராக நிற்கும். பெரிய அரங்கில் பின்னால் இருட்டான வெளி. தூரத்திலிருந்து குறி வைப்பவர்களுக்கு இது பழக சில நாள் ஆகும் என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். தினசரிப் பயிற்சி வளாகத்தில், ஆட்டம் மட்டும் வேறு இடத்தில் என்றால் அந்தப் பழக்கம் இன்னும் மெதுவாகத்தான் வரும்.

வெற்றிப் பதாகைகளை வாடகை அரங்கில் தொங்கவிட்டார்களா என்று கேட்பது ஏன்?

வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். சின்சினாட்டி 1961, 1962 என இரண்டு ஆண்டு தொடர்ந்து தேசியச் சாம்பியன். ஆஸ்கர் ராபர்ட்சன் ஆடிய பல்கலைக்கழகம். அண்ணாந்து பார்த்தால் அந்த ஆண்டுகள் கண்ணில் பட வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பது வெறும் அலங்காரத்துக்காக இல்லை. மகனையோ மகளையோ முதல் தடவை கூட்டிவரும் அப்பா விரலை நீட்டிக் காட்டுவது அதைத்தான். இன்னொருவர் வீட்டில் அவரவர் கொடிதான் உத்தரத்தில் இருக்கும், அது அவர்கள் உரிமை.

பெண்கள் அணிகளுக்கு என்ன ஏற்பாடு?

யாரும் கேட்காத கேள்வி, கேட்டிருக்க வேண்டியது. நார்த்வெஸ்டர்ன் ஆண்கள் அணி பிரம்மாண்ட அரங்குக்குப் போன அதே ஆண்டு, பெண்கள் அணி எவன்ஸ்டன் நகரப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஆடியது. தற்காலிக அரங்கைப் பற்றி ஆண்டு முழுக்க விவாதித்த நாங்கள் அதைப் பற்றி நாலு வரி பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

புதுப்பித்த அரங்குக்குத் திரும்பிய நாள் எப்படி இருந்தது?

2018 நவம்பர் 7. எதிரணி ஓஹையோ ஸ்டேட், அதே மாநிலத்தின் பெரிய அண்ணன். இருக்கைகள் ஆடுகளத்தைச் சுற்றிவர அமைந்துவிட்டன, கொள்ளளவு 12,000 அளவுக்குக் குறைந்திருந்தது. கூட்டம் நிரம்பி வழிந்தது. 64-56 என்று தோல்வி.

ஹைலண்ட் ஹைட்ஸ் அரங்கில் இப்போதும் ஆட்டம் பார்க்க முடியுமா?

தாராளமாக. பெயர் ட்ரூயிஸ்ட் அரங்கு என்று மாறிவிட்டது, வடக்கு கென்டக்கி அணி அங்கேதான் ஆடுகிறது. சின்சினாட்டியில் இருப்பவர்கள் குழந்தைகளுக்கு முதல் ஆட்டம் காட்ட அங்கே கூட்டிப்போகலாம் என்பேன். வாரநாள் என்றால் பாலத்துக்காக அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். நடுக்கோட்டுக்கு நேராக மேலே டிக்கெட் கிடைத்தாலும், மாணவர்கள் நிற்கும் கூடைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.